பம்ப் கம்பெனியில் கொள்முதல் செலவைக் குறைப்பது: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

பர்ச்சேஸ் பிரிவுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். சப்ளையர் பட்டியலை எடுத்து, வரிசையாகப் போன் போட்டு, ஐந்து சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். சிலர் குறைக்கவும் செய்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் காஸ்டிங் (வார்ப்பு) எடை கூடியிருக்கும், லேத்தில் இன்செர்ட் (வெட்டும் முனை) வேகமாகத் தேய்ந்திருக்கும், ஸ்டோர்ஸில் தேவையில்லாத சரக்கு ஏறியிருக்கும். பில்லில் குறைந்த பணம் வேறு வழியில் வெளியே போயிருக்கும்.

விலை பேசுவது இந்த வழிகாட்டியில் பத்தாவது படி. அதற்கு முந்தைய ஒன்பதும் நம் கம்பெனிக்குள் உட்கார்ந்து செய்ய வேண்டியவை. அவற்றை முடித்துவிட்டுப் போனால் பேச்சுவார்த்தை அரை மணி நேரத்தில் முடியும். முடிக்காமல் போனால் எதிரில் இருப்பவர் சொல்லும் கணக்கை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்காது.

உதாரணத்துக்குக் கோவை வட்டாரத்தில் மாதம் 1,200 மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்டில் சேர்ந்தது) செய்யும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்கிறேன். பவுண்டரியிலிருந்து (வார்ப்பாலை) காஸ்டிங், காப்பர் ஒயர், ஸ்டாம்பிங் (மோட்டாருக்கான வெட்டிய தகடுகள்), ஷாஃப்ட், பேரிங், மெக்கானிக்கல் சீல், அட்டைப் பெட்டி என்று எல்லாமே வெளியிலிருந்து வருகிறது. ரூபாய்க் கணக்குகள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் எண்களை அதில் வைத்துப் பாருங்கள்.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

டேலி கணக்கு மென்பொருளிலிருந்து கடந்த 12 மாதக் கொள்முதலை எடுங்கள். லெட்ஜர் வாரியாக எடுத்தால் பயனில்லை. பொருள் வாரியாக, அளவும் விலையும் தேதியும் சேர்ந்து வர வேண்டும். ஆறு மாதம் போதாது. பம்ப் விற்பனை கோடையில் ஏறி மழையில் இறங்கும். பாதி ஆண்டுக் கணக்கை வைத்து முடிவெடுத்தால் ஒரு பருவத்தை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள்.

அதோடு ரிஜெக்‌ஷன் ரெஜிஸ்டர், லாரி மற்றும் பார்சல் சர்வீஸ் பில்கள், ஸ்கிராப் விற்ற பில்கள், டிராயிங்குகளின் கடைசித் திருத்தம் ஆகியவை வேண்டும். ரிஜெக்‌ஷன் ரெஜிஸ்டர் இல்லையென்றால் இன்றே ஒரு நோட்டுப் போட்டு ஒரு மாதம் எழுதச் சொல்லுங்கள்: எந்த சப்ளையர், எந்தக் காஸ்டிங், மெஷினில் ஏற்றும் முன் தெரிந்ததா, ஏற்றிய பின் தெரிந்ததா. கடைசிக் கேள்வி ஏன் முக்கியம் என்பது நான்காவது படியில் தெரியும்.

அப்புறம் இரண்டு பேரின் நேரம் வேண்டும். ஒருவர் ஸ்டோர்ஸ்கீப்பர், மற்றவர் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். எந்தக் காஸ்டிங் வந்தால் இன்செர்ட் உடைகிறது, எந்த சப்ளையர் மாதக் கடைசியில் மட்டும் சரக்கை அனுப்புகிறார் என்பதெல்லாம் டேலியில் வராது. அவர்களுக்குத்தான் தெரியும்.

2. பொருள்களின் பெயரைச் சரிசெய்யுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. ஒரே பேரிங் மூன்று பெயரில் பதிவாகியிருக்கும்: '6205 இசட்இசட்', '6205-2இசட்', 'பால் பேரிங் 25 எம்எம்'. மூன்றையும் மூன்று பேரிடம் மூன்று விலையில் வாங்கிக்கொண்டிருப்போம். இது சரியாகாமல் அடுத்த படியில் பட்டியல் போட்டால், பெரிய செலவு ஒன்று மூன்று சின்னச் செலவுகளாகச் சிதறி கண்ணில் படாமலே போய்விடும்.

சேர்க்கும்போது அவசரப்படக் கூடாது. இசட்இசட், 2இசட் இரண்டும் இருபக்கமும் தகடு மூடிய அதே பேரிங்தான்; தயாரிப்பாளருக்குத் தகுந்தாற்போல் எழுத்து மாறுகிறது. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல் உள்ளது, அது வேறு. பெயரின் முடிவில் சி3 என்று இருந்தால் உள் இடைவெளி அதிகமுள்ள பேரிங். மோட்டார் சூடாகும்போது உள்வளையம் விரிவதைத் தாங்குவதற்காகவே அதைப் போடுகிறார்கள். புதிதாக வந்த ஒரு தம்பி விலை குறைவு என்று சி3 இல்லாததையும் அதே பெயரின் கீழ் சேர்த்துவிட்டார். சில மாதம் கழித்து சர்வீஸுக்கு வந்த மோட்டார்களைப் பார்த்த பிறகுதான் தவறு புரிந்தது. பெயர்களை இணைக்கும் பட்டியலில் டிசைன் ஆள் ஒருவர் கையெழுத்துப் போடாமல் எதையும் இணைக்காதீர்கள்.

3. பணம் போகும் வரிசையில் அடுக்குங்கள்

ஆண்டு அளவை விலையால் பெருக்கி, பெரியதிலிருந்து சின்னதுக்கு அடுக்குங்கள். மோனோபிளாக் பம்பில் முதல் வரிசையில் காப்பர் ஒயர், காஸ்டிங், ஸ்டாம்பிங் ஆகியவைதான் வரும். அடுத்து ஷாஃப்ட், பேரிங், சீல், பெட்டி. ஆணி, வாஷர், பெயின்ட், கையுறை போன்றவை நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாம் சேர்ந்தும் பணம் கொஞ்சம்தான்.

முதல் பத்துப் பதினைந்து பொருளுக்கு மட்டும் இந்த வழிகாட்டியை முழுதாகச் செய்யுங்கள். வாஷரில் பத்துப் பைசா குறைக்க இரண்டு நாள் அலையும் ஆளை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நாளில் காஸ்டிங் எடையைப் பார்த்திருக்கலாம். சின்னச் சாமான்களுக்கு ஒரே கடையில் ஆண்டு விலை பேசி, மாதம் ஒரே பில்லாக வாங்கினால் போதும். அங்கே மிச்சமாவது நேரம்.

4. வந்து சேரும் விலையைப் போடுங்கள்

பில்லில் இருக்கும் விலையும் பம்பில் போய்ச் சேரும் விலையும் ஒன்றல்ல. ஒரு பம்ப் கேசிங் காஸ்டிங்குக்கு இரண்டு பவுண்டரி விலை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் கிலோ 110 ரூபாய், இரண்டாமவர் 104. காஸ்டிங் 12 கிலோ, மாதம் 1,200 என்று பெருக்கினால் இரண்டாமவரிடம் வாங்கினால் மாதம் 86,400 ரூபாய் மிச்சம் என்று தோன்றும்.

இப்போது எடை போடுங்கள். முதலாமவரின் காஸ்டிங் 12 கிலோ, அதாவது 1,320 ரூபாய். இரண்டாமவரிடம் மோல்டு சரியாக இறுகாமல் சுவர் தடித்து 12.6 கிலோ வருகிறது, அதாவது 1,310 ரூபாய். ஒரு காஸ்டிங்குக்கு 72 ரூபாய் என்று தோன்றிய வித்தியாசம் பத்து ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

லாரி வாடகை: முதலாமவர் பக்கத்தில் இருப்பதால் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய், ஆக 18. இரண்டாமவருக்கு இரண்டரை ரூபாய், ஆக 32.

ரிஜெக்‌ஷன்: ஓட்டையுள்ள காஸ்டிங்கை பவுண்டரி திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த ஓட்டை மெஷினில் போரிங் போட்டு உள்துளை குடைந்த பிறகுதான் தெரிகிறது. அதற்குள் நாம் செலவழித்த 150 ரூபாய் மெஷினிங் போய்விட்டது. முதலாமவரிடம் நூற்றுக்கு இரண்டு என்றால் ஒரு நல்ல காஸ்டிங்கின் தலையில் 3 ரூபாய். இரண்டாமவரிடம் நூற்றுக்கு ஆறு என்றால் 10 ரூபாய்.

தவணை: முதலாமவர் 45 நாள் பொறுக்கிறார், இரண்டாமவருக்கு 15 நாளில் பணம் வேண்டும். 30 நாள் வித்தியாசத்துக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்தால் இன்னும் 13 ரூபாய்.

மொத்தம் போட்டால் முதலாமவர் 1,341, இரண்டாமவர் 1,365. மிச்சம் என்று நினைத்தது மாதம் 28,000 ரூபாய்க்கு மேல் நட்டம். இன்செர்ட் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை.

வரியிலும் ஒரு கண் வேண்டும். ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கும் என்பதால் வரிக்கு முந்தைய விலையைத்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் சப்ளையர் தன் விற்பனையைக் கணக்கில் காட்டாமல் விட்டால் நம் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (சப்ளையர்கள் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியல்) அந்த பில் வராது, வரி வரவும் கிடைக்காது. 18 சதவீத வரியுள்ள பொருளில் இரண்டு சதவீதம் விலை குறைத்து வாங்கி, வரி வரவை இழந்தால் எந்தப் பேச்சுவார்த்தையாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. காம்போசிஷன் டீலர் (ஜிஎஸ்டியின் எளிய திட்டத்தில் உள்ள சிறு வணிகர்) பில்லில் வரி தனியாக இருக்காது. அவர் விலையை அடுத்தவரின் வரிக்கு முந்தைய விலையோடு ஒப்பிடுங்கள்.

5. காஸ்டிங் எடையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்

காஸ்டிங்கைக் கிலோ கணக்கில் வாங்கும் வரை, கூடுதல் எடைக்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம். பவுண்டரிக்காரர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. மணல் தளர்வாக இடிக்கப்பட்டால் உருகிய இரும்பின் அழுத்தத்தில் மோல்டு சுவர் பின்னால் தள்ளப்படும், காஸ்டிங் உப்பிவிடும். பேட்டர்னை (மோல்டு எடுக்கும் மாதிரி அச்சு) மரக்கூழோ பசையோ பூசிப் பூசிச் சரிசெய்தாலும் அளவு நகரும். ஆனால் எடை கூடினால் அவருக்கு நட்டமில்லை என்பதால் அதைச் சரிசெய்யும் அவசரமும் அவருக்கு இருக்காது.

அதனால் ஒவ்வொரு காஸ்டிங்குக்கும் 'உச்ச எடை' ஒன்றைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். கணினி டிராயிங்கில் கனஅளவை எடுத்து, சாம்பல் வார்ப்பிரும்புக்குக் கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம் என்று பெருக்கினால் இருக்க வேண்டிய எடை வரும். அதற்கு மேல் இரண்டு மூன்று சதவீதம் இடம் கொடுங்கள். அதையும் தாண்டினால் உச்ச எடைக்கு மட்டும்தான் பணம். டிராயிங் கணினியில் இல்லையென்றால், நன்றாக வந்த இருபது காஸ்டிங்கை எடை போட்டுச் சராசரி எடுங்கள்.

எடை குறைவும் நல்லதல்ல. ஒருபக்கச் சுவர் மெலிந்தால் தண்ணீர் அழுத்தச் சோதனையில் கசியும். கோர் (உள்வெற்றிடத்துக்காக வைக்கும் மணல் அச்சு) நகர்ந்திருந்தால் மொத்த எடை சரியாகவே இருக்கும், ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருக்கும். எடையை மட்டும் நம்பினால் அது பிடிபடாது. ஒவ்வொரு லோடிலும் பத்து எடுத்து எடை போட்டு எழுதுங்கள், அதில் ஒன்றின் சுவரை அளந்து பாருங்கள்.

அடுத்தது மெஷினிங்குக்காக விடும் கூடுதல் கனம். எல்லா முகத்திலும் நான்கு மில்லிமீட்டர் என்று யாரோ எப்போதோ போட்டது அப்படியே இருக்கும். சில முகங்களுக்கு மூன்று போதும். ஆனால் நீங்களாக மேசையில் உட்கார்ந்து குறைக்காதீர்கள். காஸ்டிங்கின் மேல்தோல் கெட்டியாக இருக்கும், மணலும் ஒட்டியிருக்கும். இன்செர்ட் முனை அந்தத் தோலுக்குக் கீழே ஓட வேண்டும். குறைவாக விட்டால் முனை தோலிலேயே உரசித் தேயும். பவுண்டரிக்காரரும் மெஷின் ஷாப் சூப்பர்வைசரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் இதை முடிவு செய்ய வேண்டும்.

பேட்டர்ன் யாருடையது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பணம் நாம் கொடுத்திருந்தால் நம் பெயரும் எண்ணும் அதில் பொறித்திருக்க வேண்டும், பழுது பார்ப்பது யார் செலவு என்பதும் ஆர்டரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சப்ளையரை மாற்றும் நாளில் பேட்டர்ன் வெளியே வராது.

லேத்தில் விழும் சுருளும் தூளும் பணம்தான். வார்ப்பிரும்புத் தூளையும் ஷாஃப்ட் ஸ்டீல் சுருளையும் ஒரே தொட்டியில் போட்டால் இரண்டும் மலிவான விலைக்குப் போகும். தனித்தனித் தொட்டி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், லாரியைக் காலியாகவும் ஏற்றியும் எடைமேடையில் போடுங்கள்.

6. டிராயிங்கைத் திறந்து பாருங்கள்

சப்ளையரிடம் கேட்கும் எந்தத் தள்ளுபடியையும்விட, நாமே தேவையில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதை நிறுத்துவதில் அதிகம் மிச்சமாகும். எதனுடனும் பொருந்தாத ஒரு விட்டத்துக்கு 0.02 மில்லிமீட்டர் துல்லியம் கேட்டிருப்போம். அதற்காக அவர் கிரைண்டிங் போடுவார், அதற்கான பணம் பில்லில் இருக்கும். ஒவ்வொரு இறுக்கமான அளவுக்கும் எதிரே 'இது எங்கே பொருந்துகிறது' என்று எழுதுங்கள். பதில் இல்லாத இடத்தில் தளர்த்தலாம்.

எம்8 போல்ட் 20, 25, 30, 35 என்று நான்கு நீளத்தில் இருக்கும். இரண்டில் வேலை முடியுமா என்று அசெம்பிளி ஆளிடம் கேளுங்கள். ஏழு அடுக்கு அட்டைப் பெட்டிக்குப் பதில் ஐந்து அடுக்கு போதுமா என்பதை, பம்பை உள்ளே வைத்துக் கீழே போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உடைந்து திரும்பி வரும் ஒரு பம்ப் ஐம்பது பெட்டியின் மிச்சத்தைத் தின்றுவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு எச்சரிக்கை. 304 ரகம் கேட்ட இடத்தில் மலிவான 202 ரகம் வந்து சேர்வது நடக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை, அதனால் 304 என்று புதியவர்கள் முடிவு செய்கிறார்கள். 202-உம் காந்தத்தில் ஒட்டாது. நிக்கல் அளவைப் பார்க்கும் சோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். கோவையில் சிட்டார்க் போன்ற சோதனைக்கூடங்களில் பொருளின் வேதிச் சேர்க்கையைச் சோதிக்கலாம். ஒரு சோதனைக் கட்டணம் ஒரு லோடு ஷாஃப்டோடு ஒப்பிட்டால் சொற்பம்.

ஐஎஸ்ஐ முத்திரையோடு விற்பவர்கள் இந்தப் படியில் நின்று யோசிக்க வேண்டும். மோனோபிளாக் பம்புக்கு ஐஎஸ் 9079, நீர்மூழ்கிப் பம்புக்கு ஐஎஸ் 8034. பொருளின் ரகத்தையோ ஸ்டாம்பிங்கையோ மாற்றினால் பம்பின் செயல்திறன் மாறலாம். உரிமத்தில் கொடுத்த விவரத்துக்கு ஏற்ப இருக்கிறதா என்று தரப்பிரிவிடம் எழுத்தில் கேட்காமல் மாற்றாதீர்கள்.

7. விலையை இரண்டாகப் பிரியுங்கள்

காப்பர் ஒயர் கிலோ 970 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 900 உலோகத்தின் விலை. லண்டன் உலோகச் சந்தையையும் டாலரையும் பார்த்து அது நகரும். சப்ளையராலும் நம்மாலும் ஒன்றும் செய்ய முடியாது. மீதி 70 ரூபாய்தான் இழுத்து, எனாமல் பூசி, ஸ்பூலில் சுற்றுவதற்கான கூலியும் லாபமும்.

இப்போது 'ஐந்து சதவீதம் குறைங்க' என்று கேட்டால் 48 ரூபாய் கேட்கிறோம். அது அவருடைய 70 ரூபாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அவர் சம்மதித்தால் மகிழாதீர்கள், மைக்ரோமீட்டரை எடுங்கள். எடைக்கு விற்கும் பொருளில் விட்டம் ஒரு சதவீதம் கூடினால் அதே சுற்றுக்கு இரண்டு சதவீதம் அதிக எடை போகும், ஏனென்றால் குறுக்குப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். ஸ்பூலின் காலி எடையையும் ஒவ்வொரு லாட்டிலும் சரிபாருங்கள்.

அதனால் ஆர்டரில் இரண்டு வரி எழுதுங்கள்: உலோக விலை எந்த நாளின் எந்த வெளியீட்டின்படி, அதற்கு மேல் கூலி எவ்வளவு. பேச்சுவார்த்தை அந்தக் கூலியில் மட்டும். 70 ரூபாயை 65 ஆக்கினால் அது நிலைத்து நிற்கும் உண்மையான குறைப்பு.

காஸ்டிங்குக்கும் இதையே செய்யலாம்: பிக் அயர்ன் (உருக்குவதற்கான கட்டி இரும்பு), ஸ்கிராப், கரன்ட் அல்லது கோக் ஒரு பக்கம், மோல்டிங் கூலி, ஃபெட்லிங் (காஸ்டிங்கைச் சுத்தம் செய்வது), லாபம் மறுபக்கம். மூலப்பொருள் மூன்று சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் காலாண்டுக்கு ஒருமுறை விலை மாற்றலாம், ஏறினாலும் இறங்கினாலும் என்று எழுதுங்கள். நடைமுறையில் ஏறும்போது சப்ளையர் போன் செய்வார். இறங்கும்போது யாரும் செய்ய மாட்டார்கள். காலாண்டின் முதல் நாளை உங்கள் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

8. எத்தனை வாங்குவது

ஆண்டுக்கு 12,000 தேவைப்படும் 100 ரூபாய்ப் பொருள் ஒன்று. ஒருமுறை ஆர்டர் போட்டு, இறக்கி, சோதித்து, பில் போட 600 ரூபாய் ஆகிறது. ஒரு பொருளை ஓராண்டு ஸ்டோர்ஸில் வைத்திருக்க வட்டி, இடம், சேதம் சேர்த்து 18 ரூபாய். 2 × 12,000 × 600-ஐ 18-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 900 வரும். ஒவ்வொரு முறையும் அந்த அளவில் வாங்குவதுதான் மொத்தச் செலவு குறைந்த இடம்.

சப்ளையர் 3,000 எடுத்தால் ஒரு சதவீதம் தள்ளுபடி என்கிறார். ஆண்டில் 12,000 ரூபாய் மிச்சம், ஆர்டர் எண்ணிக்கை குறைவதால் இன்னும் 5,600. ஆனால் சராசரி இருப்பு 450-லிருந்து 1,500 ஆகிறது, அதற்குச் செலவு 18,900. ஆக, 1,300 ரூபாய் நட்டம். அதே ஆள் இரண்டு சதவீதம் கொடுத்தால் 10,700 ரூபாய் லாபம். ஒரு சதவீதத்துக்கும் இரண்டு சதவீதத்துக்கும் நடுவில்தான் முடிவு மாறுகிறது. கணக்குப் போடாமல் மனதால் இதைச் சொல்ல முடியாது.

ரப்பர் கேஸ்கெட், ஓ-ரிங், பெயின்ட் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அவை இருக்க இருக்கக் கெடும். தேவைக்கு வாங்குங்கள்.

9. எப்போது பணம் கொடுப்பது

தவணையை நீட்டுவதுதான் செலவைக் குறைக்கும் வழி என்று பலர் நம்புகிறார்கள். சிறு பவுண்டரிகளிடம் இது இரண்டு வகையில் அடிபடும்.

முதலாவது சட்டம். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டத்தின்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. அதோடு 2023 நிதிச் சட்டத்தில் 43பி (எச்) என்று வந்த வருமான வரி விதிப்படி, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, எந்த ஆண்டில் உண்மையில் கொடுக்கிறோமோ அந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31-இல் நிலுவை நின்றால் இல்லாத லாபத்துக்கு வரி கட்ட நேரும். சப்ளையரின் உத்யம் (எம்எஸ்எம்இ பதிவு) சான்றிதழை வாங்கி, அவர் உற்பத்தியாளரா, வாங்கி விற்கும் வணிகரா என்று பாருங்கள். வணிகர்களுக்கு இந்தக் கெடு பொருந்தாது.

இரண்டாவது கணக்கு. சின்னப் பவுண்டரிக்கு நம்மைவிட அதிக வட்டியில்தான் பணம் கிடைக்கும். 45 நாளில் கொடுப்பதை 10 நாளில் கொடுக்கிறேன், இரண்டு சதவீதம் குறையுங்கள் என்று கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். 35 நாளுக்கு இரண்டு சதவீதம் என்பது ஆண்டுக் கணக்கில் 21 சதவீதம். உங்கள் கேஷ் கிரெடிட் வட்டி அதில் பாதிதான் என்றால் வங்கியில் எடுத்துக் கொடுத்தாலும் லாபம். யாரையும் நசுக்காமல் இரண்டு பக்கமும் பயன்பெறும் வழி இது. முதல் முறை இதைச் செய்தபோது இத்தனை ஆண்டு ஏன் செய்யவில்லை என்று வருந்தினேன்.

10. இப்போது விலை பேசலாம்

ஒரே படிவத்தில் மூன்று பேரிடம் கேளுங்கள். படிவத்தில் மூலப்பொருள், கூலி, பேக்கிங், வாடகை, தவணை எல்லாம் தனித்தனி வரி. டிராயிங்கின் திருத்த எண், ஆண்டு அளவு, மாத வாரி அட்டவணை மூன்றையும் கட்டாயம் கொடுங்கள். ஆண்டு அளவை ஊதிச் சொல்லாதீர்கள். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த ஆண்டு அதைத் தன் விலையில் ஏற்றி வைப்பார்.

பேசப் போகும்போது கொடுப்பதற்கும் நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நிலையான மாத அட்டவணை, சீக்கிரப் பணம், தளர்த்திய அளவு, நல்ல பேட்டர்ன். ஒரு பவுண்டரி முதலாளி என்னிடம் சொன்னது: "விலைய அப்புறம் பேசிக்கலாங்க சார். மாசம் எத்தனைன்னு முன்னாடியே சொல்லிருங்க, ராத்திரி போன் பண்ணி அவசரம்னு சொல்லாதீங்க. அது ஒண்ணு சரியானாலே என்னால குறைக்க முடியும்." அவசர ஆர்டருக்காக அவர் ஓவர்டைம் போட்டதும், மோல்டிங் வரிசையை மாற்றியதும் நம் விலைக்குள்தான் இருந்தன.

ஒருவரின் கொட்டேஷனை இன்னொருவருக்குக் காட்டாதீர்கள். ஊருக்குள் இரண்டு நாளில் தெரிந்துவிடும், அதன் பிறகு யாரும் உண்மையான விலையைக் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் போட்ட கணக்கை மட்டும் மேசையில் வைத்து, எந்த வரியில் வித்தியாசம் இருக்கிறது என்று கேளுங்கள்.

ரிஜெக்‌ஷனையும் இங்கேயே முடியுங்கள். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போனால் மெஷினிங் செலவும் டெபிட் நோட்டில் (அவருக்குத் தர வேண்டியதில் கழிக்கும் சீட்டு) வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஓட்டைக்கு அவர் பொறுப்பு. நம் ஆள் தப்பாகப் பிடித்துக் கெடுத்ததற்கு நாம் பொறுப்பு. இரண்டையும் கலந்தால் உறவு கெடும்.

11. புது சப்ளையரை மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள்

முதலில் ஐந்து காஸ்டிங்: அளவு, எடை, ஒன்றை வெட்டிப் பார்ப்பது. அடுத்து ஐம்பது: மெஷினில் ஓட்டி இன்செர்ட் எத்தனை போகிறது என்று எண்ணுவது. அப்புறம் ஒரு மாதத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. மாதிரிக் காஸ்டிங்கை எல்லோரும் நன்றாகத்தான் அனுப்புவார்கள். மூன்றாவது நான்காவது லோடில்தான் அந்த இடத்தின் இயல்பு தெரியும். நேரில் போனால் அலுவலக அறையில் உட்காராமல், பின்னால் குவிந்திருக்கும் ரிஜெக்‌ஷன் குவியலைப் பாருங்கள்.

புதியவர் நன்றாகச் செய்தாலும் பழையவரை முழுதாக விடாதீர்கள். 70-க்கு 30 என்று பிரித்து வைத்தால் ஒருவரின் ஃபர்னஸ் நின்றாலும் நம் லைன் நிற்காது. ஒரு நாள் அசெம்பிளி நின்றால் ஆகும் செலவு, இந்தப் படிகளில் மிச்சமானதில் பல வாரத்தை விழுங்கும்.

ஜாப் ஒர்க்குக்கு (வெளியில் கூலிக்குச் செய்து வாங்கும் வேலை) நம் பொருளை அனுப்பினால் சலானில் எடையும் எழுதுங்கள். ஜிஎஸ்டி விதிப்படி மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

12. மிச்சமானது கணக்கில் தெரிகிறதா

பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான ஸ்டோர்ஸ் சீட்டு), பில் மூன்றும் விலையிலும் அளவிலும் ஒத்துப்போனால்தான் பணம் போக வேண்டும். பேசிய புது விலை டேலியில் ஏறாமல் பழைய விலைக்கே இரண்டு மாதம் பில் பாஸ் ஆவது அடிக்கடி நடக்கும் தவறு.

மாதம் ஒருமுறை முதல் பதினைந்து பொருளுக்கு ஒரு தாள் போடுங்கள். அடிப்படை விலை, இந்த மாத விலை, உலோகச் சந்தை எவ்வளவு நகர்ந்தது, எடை, ரிஜெக்‌ஷன். காப்பர் சந்தையில் ஐந்து சதவீதம் இறங்கி, நாம் வாங்கும் விலை மூன்று சதவீதம் மட்டும் இறங்கியிருந்தால் அது சேமிப்பல்ல, நமக்கு வர வேண்டியது வரவில்லை. சந்தை ஏறிய மாதத்தில் கூலி குறைந்திருந்தால், மொத்த விலை கூடியிருந்தாலும் அது உண்மையான குறைப்பு.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. ஒரு பம்புக்கு எத்தனை ரூபாய்ப் பொருள் போகிறது என்று, தயாரான பம்ப் எண்ணிக்கையை வைத்துக் காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். தாளில் சேமிப்பு தெரிந்து இந்த எண் அசையவில்லையென்றால், பணம் எடையிலோ ரிஜெக்‌ஷனிலோ ஸ்டோர்ஸ் இருப்பிலோ நிற்கிறது. திரும்ப நான்காவது படிக்குப் போய், அந்த ஒரு பொருளை மட்டும் எடுத்து மீண்டும் கணக்குப் போடுங்கள்.